சிஜேஎஸ் மாதிரியோடு 10 வருஷம்: சால்மன் குஞ்சுகளின் உயிர்க்கணக்கு

அமெரிக்காவின் ஸ்னேக் ஆற்றின் மேல்பகுதியில் டேக் (உடம்புக்குள் வைக்கும் சின்ன அடையாளச் சில்லு) போட்டு விட்ட ஒரு சினூக் சால்மன் குஞ்சு கடலைச் சேர 8 அணைகளைத் தாண்டியாக வேண்டும். ஸ்னேக் ஆற்றில் லோயர் கிரானிட், லிட்டில் கூஸ், லோயர் மானுமென்டல், ஐஸ் ஹார்பர்; அது போய்ச் சேரும் கொலம்பியா ஆற்றில் மெக்நேரி, ஜான் டே, த டேல்ஸ், கடைசியாக பான்வில். வழியில் எத்தனை குஞ்சு பிழைக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் 10 வருஷமாக என் வேலை. இதற்கு நான் அதிகம் நம்பியிருப்பது கார்மாக், ஜாலி, சீபர் ஆகியோரின் பெயரில் வழங்கும் புள்ளியியல் மாதிரி. புழக்கத்தில் சிஜேஎஸ். இத்தனை வருஷம் கையாண்ட பிறகு அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று எழுதிவைக்கத் தோன்றியது.

புதிதாக வருபவர்கள் செய்யும் தப்பை நானும் செய்திருக்கிறேன். 1000 குஞ்சு விட்டோம், அணையில் 400 பதிவானது, அப்படியானால் 40 சதவீதம் பிழைத்தது என்று ஒரு வரைவில் எழுதிக் கொடுத்தேன். அணையில் டேக்கைப் படிக்கும் ஆன்டெனா பெரும்பாலும் பைபாஸ் குழாய் (மீனை டர்பைனுக்குள் போகவிடாமல் திருப்பிவிடும் வழி) வழியாக வரும் மீனைத்தான் படிக்கும். டர்பைன் வழியாகப் போனதும் உபரிநீர் மதகில் குதித்துப் போனதும் அதற்குத் தெரியாது. சிஜேஎஸ் இங்கே கேட்பது ஒரே கேள்வி: கீழே வேறு அணைகளில் பதிவான மீன்களில் எத்தனை இங்கேயும் பதிவாகியிருக்கின்றன? கீழே 200 பதிவாகி, அவற்றில் 100 இங்கே பதிவானவை என்றால், இந்த ஆன்டெனா பாதி மீனைத்தான் பிடிக்கிறது. ஆக 400 பதிவு என்றால் 800 மீன் உயிரோடு வந்திருக்கிறது. பிழைப்பு 80 சதவீதம். கீழே தென்பட்ட மீன் இங்கே வந்தபோது செத்திருக்க முடியாது, அவ்வளவுதான் அஸ்திவாரம். பைபாஸில் வந்ததும் வராததும் அதற்குப் பிறகு ஒரே மாதிரி பிழைக்கும் என்ற ஓர் அனுமானம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதை மறந்துவிடக் கூடாது.

ஒரு வேடிக்கை, இந்த மாதிரிக்கு ஆரம்பத்தில் சால்மனோடு சம்பந்தமே கிடையாது. 1964-ல் கார்மாக் எழுதிய கட்டுரை ஆர்க்னி தீவுகளில் கூடு கட்டும் ஃபுல்மார் பறவைகளைப் பற்றியது. ஜாலியும் சீபரும் 1965-ல் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள். ஆனால் அணைகள் வரிசையாக நிற்கும் ஆற்றுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. மீன் எப்படியும் ஒரே திசையில்தான் போகும்.

தரவு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். நாங்கள் போடும் டேக்குக்குப் பிட் டேக் என்று பெயர், அரிசியை விடக் கொஞ்சம் நீளம், சுமார் 12 மில்லிமீட்டர். பேட்டரி கிடையாது. 3டி9 என்பது போலத் தொடங்கும் ஒரு தனி எண் அதற்கு உண்டு. எல்லாப் பதிவுகளும் பிட்டாகிஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் சேரும். அங்கிருந்து எடுத்து ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வரி: 1 0 1 1 0. விட்டோம், முதல் அணையில் படவில்லை, அடுத்த இரண்டில் பட்டது, அதற்கப்புறம் இல்லை. இந்த வரி சரியாக இருந்தால் மீதி எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும். வரி தப்பென்றால் கணினி அந்தத் தப்பையும் மூன்று தசம இடத்துக்குத் துல்லியமாகச் சொல்லும்.

எனக்கு அப்படி ஒரு வசந்தம் நடந்தது. லோயர் கிரானிட்டிலிருந்து லிட்டில் கூஸ் வரை பிழைப்பு படுமோசமாக வந்தது. வெள்ளமா, நோயா என்று இரண்டு நாள் காரணம் தேடினேன். விஷயம் படகு. மேல் அணைகளில் பிடிக்கும் குஞ்சுகளில் ஒரு பகுதியைப் படகில் ஏற்றிப் பான்வில்லுக்குக் கீழே கொண்டுபோய் விடுவார்கள். அந்த மீன்கள் நடுவில் உள்ள அணைகளில் எப்படித் தென்படும்? நான் அவற்றை ஆற்றில் திரும்ப விட்டதாக 1 என்று குறித்திருந்தேன். எடுத்துவிட்டதாக 2 என்று குறித்திருக்க வேண்டும். ஒரு எண்ணைத் திருத்தியதும் செத்த மீனெல்லாம் எழுந்து உட்கார்ந்தது.

அடிக்கடி வரும் கேள்வி, பிழைப்பு 107 சதவீதம் என்று வருகிறதே, அது எப்படி என்பது. 1000 விட்டு 300 பதிவானது, ஆன்டெனா பிடிக்கும் விகிதம் 0.28 என்று மதிப்பிட்டால் 1071 மீன் வந்ததாகிவிடும். மதிப்பீட்டில் உள்ள தடுமாற்றம்தான் காரணம், மீன் வழியில் குட்டி போடவில்லை. நான் இதை 100 என்று வெட்டி எழுதுவதில்லை. வெட்டினால் பல குழுக்களின் சராசரி கீழே இழுக்கும். இன்னொன்று, அடுத்தடுத்த இரண்டு பகுதிகளின் மதிப்பீடுகள் ஒரே அணையின் விகிதத்தைப் பகிர்ந்துகொள்வதால் எதிரெதிராக ஆடும். ஒன்று 105 என்றால் அடுத்தது 85 என்று வரும். இரண்டையும் பெருக்கினால் வரும் எண் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். அதனால் ஒரு பகுதியின் எண்ணை வைத்து யாராவது அவசரப்பட்டு முடிவெடுத்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

உண்மையான குறை கடைசிப் பகுதியில். கடைசி ஆன்டெனாவுக்குக் கீழே வேறு ஆன்டெனா இல்லை. அங்கே மீன் செத்ததா, கண்ணில் படவில்லையா என்று பிரிக்கவே முடியாது. இரண்டின் பெருக்குத்தொகை மட்டும்தான் கிடைக்கும். தரவை எவ்வளவு குவித்தாலும் இது மாறாது. மென்பொருள் சில சமயம் இரண்டு எண்ணாகப் பிரித்துத் தந்துவிடும், அதை நம்பக் கூடாது.

குஞ்சுகளுக்கு நல்லது என்று மதகில் தண்ணீர் அதிகம் திறக்கத் தொடங்கியது எங்களுக்கு ஒரு விதத்தில் தலைவலி. மதகில் போகும் மீன் பைபாஸ் ஆன்டெனாவில் படாது. பதிவு குறையும், திட்டப் பிழை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறும் என்ற அளவு) ஏறும், நம்பிக்கை இடைவெளி (உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சு) ஒன்றும் சொல்ல முடியாத அளவுக்கு அகலமாகும். 2020-ல் லோயர் கிரானிட் மதகிலேயே ஆன்டெனா வந்தது பெரிய ஆறுதல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிஜேஎஸ் தரும் எண் சொல்வது தோற்றப் பிழைப்பு மட்டும்தான், அதாவது உயிரோடு இருந்து கீழேயும் போன மீன்களின் கணக்கு. சில ஸ்டீல்ஹெட் (சால்மனுக்கு உறவான கடல்போகும் டிரவுட்) குஞ்சுகள் கடல் வேண்டாம் என்று ஆற்றிலேயே தங்கிவிடும். இலையுதிர்கால சினூக்கில் சில, நீர்த்தேக்கத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மறு வருஷம் கிளம்பும். இரண்டையும் சிஜேஎஸ் இறந்த கணக்கில் சேர்க்கும்.

மென்பொருளைப் பொறுத்தவரை சர்ஃப் இந்த ஆற்று வேலைக்கென்றே செய்தது. முகம் பழசு, ஆனால் 100-ஐத் தாண்டும் எண்ணை மறைக்காமல் காட்டும். மார்க் ரொம்ப விரிவானது. உள்ளீட்டுக் கோப்பில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் முரண்டு பிடிக்கும். லாஜிட் இணைப்பு (எண்ணை 0-க்கும் 100-க்கும் நடுவில் அடைத்துவைக்கும் சூத்திரம்) வைத்து ஓட்டினால் 100-ஐத் தாண்டாது, எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது திட்டப் பிழையைக் கண்டுகொள்ளாதீர்கள். இப்போது தினசரிக்கு ஆர்மார்க் (மார்க்கை ஆர் மொழியிலிருந்து ஓட்டுவது), தரவு மெலிந்த வருஷங்களுக்கு ஜாக்ஸ் என்ற மென்பொருளில் பேயஸ் முறை. பேயஸில் முன்னனுமானம் (தரவைப் பார்க்கும் முன்பே நாம் வைக்கும் ஊகம்) எவ்வளவு பேசுகிறது, தரவு எவ்வளவு பேசுகிறது என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தாக வேண்டும்.

ஓர் அணையை மட்டும் தனியாக மதிப்பிட அகூஸ்டிக் டேக்தான், தானே ஒலி அனுப்பும் வகை. இந்த அணைகளுக்கு 2008-ல் அரசு வைத்த பிழைப்பு இலக்கு வசந்தகாலக் குஞ்சுகளுக்கு அணைக்கு 96 சதவீதம், கோடைக்கால சினூக் குஞ்சுகளுக்கு 93. கேட்க நன்றாக இருக்கும். 96-ஐ 8 அணைக்குப் பெருக்கிப் பாருங்கள், 72 சதவீதம்தான் மிஞ்சும், அதுவும் நீர்த்தேக்கத்தில் சாவதைச் சேர்க்காமல். இந்த டேக்கில் பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் மீன் செத்ததாகத் தெரியும், செத்த மீன் டேக்கோடு மிதந்து போனால் பிழைத்ததாகத் தெரியும். இரண்டுக்கும் தனியாகத் திருத்தம் போட வேண்டும்.

கடைசிப் பகுதிப் பிரச்சினைக்கு எனக்குப் பிடித்த தீர்வு பறவை வழியாக வந்தது. முகத்துவாரத்தில் ஈஸ்ட் சாண்ட் தீவில் காஸ்பியன் ஆலாக்கள் கூடு கட்டுகின்றன. அவை தின்ற குஞ்சுகளின் டேக்குகள் மணலில் கிடக்கும். இனப்பெருக்க காலம் முடிந்ததும் கருவியோடு போய் அவற்றைப் படிப்பார்கள். ஆலா கொத்திக்கொண்டுபோன குஞ்சு, பெரும்பாலும் பான்வில்லை உயிரோடு தாண்டிய குஞ்சு. அதனால் என் கோப்பில் பான்வில்லுக்கு அப்புறம் இன்னொரு கட்டம் இருக்கிறது. ஆலாவின் வயிற்றுக்குள் போன மீனுக்கு அதில் 1 என்று போடுகிறேன்.