ஆர்சி கார் வாங்கி மூன்று வருடம்: ஓட்டியதும் கழற்றியதும்

நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவில், ரிமோட்டில் ஓடும் (ஆர்சி), பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டிரக் ஒன்றை மூன்று வருடத்துக்கு முன்பு வாங்கினேன். சாதாரண பிரஷ் மோட்டார் (உள்ளே கார்பன் பிரஷ் உரசி ஓடும் வகை), துப்பாக்கி போலப் பிடிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட். இன்றும் அதே வண்டிதான். ஆனால் சேசிஸும் ரிமோட்டும் போக, பாதிக்கு மேல் புதுப் பாகங்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாற்ற முடிந்ததால்தான் இன்னும் ஓடுகிறது.

விலை மலிவான பொம்மைக் கார்களில் பெரும்பாலும் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரும் வேகக் கட்டுப்பாடும் ஒரே போர்டில் இருக்கும். அது போனால் வண்டியும் போச்சு. என்னுடையது போன்ற ஹாபி வண்டியில் மோட்டார், இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), செர்வோ (முன்சக்கரத்தைத் திருப்புவது), ரிசீவர் எல்லாம் தனித்தனி. அதனால் வாங்கும் முன் வேகத்தைக் கேட்காதீர்கள். முன்பக்க ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை) தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதல் மாதமே சுவரில் மோதி எனக்கு அதுதான் உடைந்தது. பாகம் கையில் இருந்ததால் அரை மணி நேரத்தில் மறுபடி ஓட்டினேன்.

ஓட்டுவதில் கடினமானது வேகம் இல்லை. வண்டி நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். காலி மைதானத்தில் பாதி வேகத்தில் எட்டுப் போட்டுப் பழகினேன். சில வாரங்களில் கை தானாகத் திருப்ப ஆரம்பித்தது.

அடுத்து பேட்டரி. இதில் அலட்சியமே கூடாது. 2எஸ் லைப்போ (இரண்டு செல் உள்ள லித்தியம் பாலிமர் பேட்டரி) என்றால் 7.4 வோல்ட், முழு சார்ஜில் செல்லுக்கு 4.2. மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெட்டுவிடும், எனவே இஎஸ்சி லைப்போ மோடில் (வோல்ட் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பில்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் முதல் பேட்டரியை முழு சார்ஜோடு இரண்டு மாதம் அலமாரியில் வைத்துவிட்டேன். எடுத்தபோது பக்கவாட்டில் உப்பியிருந்தது. அதை மறுபடி சார்ஜ் போடவே இல்லை. இப்போது ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்கிறேன். எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் நல்ல பேலன்ஸ் சார்ஜர் வாங்குங்கள், 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும், சார்ஜ் ஆகும்போது பக்கத்திலேயே இருங்கள்.

இரண்டாம் வருடம் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மாறினேன். பினியனை (மோட்டார் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) ஸ்பர் கியரோடு (அது சுற்றும் பெரிய பல்சக்கரம்) கண்ணளவில் சேர்த்து ஸ்க்ரூவை இறுக்கினேன். கொஞ்ச தூரத்திலேயே கரகரவென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் ஸ்பர் பற்கள் மழுங்கியிருந்தன. அப்புறம்தான் காகித வழியைக் கற்றேன். நோட்டுக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து இரண்டு கியருக்கும் நடுவே வைத்து, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். பிறகு கியரைச் சுற்றினால் காகிதம் கிழியாமல், மடிப்பு மடிப்பாக வெளியே வரும். அந்த மெல்லிய இடைவெளிதான் தேவை. உலோகத்தில் இறங்கும் ஸ்க்ரூ என்றால் திரெட்லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி. இல்லையென்றால் அதிர்விலேயே கழன்றுவிடும்.

வேகம் என்னவோ கூடியது, உண்மைதான். ஆனால் முடுக்கினால் பின்சக்கரம் வழுக்கி வண்டி சுழன்றுவிடுகிறது. புதிதாக வருபவர்கள் ஒரு வருடமாவது பிரஷ் மோட்டாரிலேயே ஓட்டுங்கள்.

வாட்டர்புரூஃப் என்று போட்டிருப்பது எலக்ட்ரானிக்ஸுக்கு மட்டும். ஈரத்தில் ஓட்டிவிட்டு அப்படியே வைத்ததில் என் வண்டியில் நான்கு பேரிங் துருப்பிடித்தன. இப்போது ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைக் கழற்றித் துடைத்து, பேரிங்கை விரலில் சுற்றிப் பார்த்து, சொரசொரப்பு தெரிந்தால் உடனே மாற்றுகிறேன்.