கேட் தேர்வுக்கான வார இறுதிப் பயிற்சி வகுப்பு: ஒரு மதிப்பீடு

வேலைக்குச் சென்றுகொண்டே ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களின் நுழைவுக்கான கேட் (CAT) தேர்வுக்குத் தயாராக விரும்புவோருக்காகச் சென்னையில் நடத்தப்படும் வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்து படித்தேன். கட்டிய கட்டணத்தில் பெரும்பகுதி எதற்கு உண்மையாகப் பயன்பட்டது என்று கேட்டால், டி.ஐ.எல்.ஆர். எனப்படும் தரவு, தருக்கப் பகுதிக்கும் மாதிரித் தேர்வுகளுக்கும்தான் என்பேன்.

அப்பகுதிக்கு 40 நிமிடங்களே உண்டு என்பதாலும், நேரம் மிஞ்சினாலும் அதை வேறு பகுதிக்குக் கொண்டுசெல்ல இயலாது என்பதாலும், எந்த வினாத் தொகுப்பைத் தொடுவது, எதை விடுவது என்ற முடிவே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. 2024 தேர்வில் ஐந்து தொகுப்புகளாக 22 கேள்விகள் வந்தன. எங்கள் ஆசிரியர் விடை காண்பதற்கு முன்பே ஐந்தையும் படிக்கச் சொல்லி, எதை ஒதுக்குவீர்கள், ஏன் ஒதுக்குவீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பார். மாதிரித் தேர்வு முடிந்த மறுவாரம், தவறான விடைகளைத் தெரியாமல் எழுதியவை, அவசரத்தில் எழுதியவை, துணிந்து ஊகித்தவை என்று பிரித்துக் காட்டச் சொல்வார். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாவில் தவறினால் ஒன்று கழிவு என்னும் கணக்கில் மூன்றாம் வகைத் தவறு எவ்வளவு செலவு வைக்கிறது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

கணித வகுப்பு சுமார். பொறியாளர்களையும் பள்ளியோடு கணக்கை விட்டவர்களையும் ஒரே அறையில் அமர்த்தியதால், முன்னவர்கள் சலித்தார்கள், பின்னவர்கள் திணறினார்கள். ஆங்கிலப் பகுதியில் குறை இன்னும் பெரிது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பத்தி வாசிப்பைச் சார்ந்திருக்க, இவர்களோ அருஞ்சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது நீண்ட கட்டுரைகளைத் தினமும் வாசிக்கும் பழக்கம். அதற்கு அங்கே வழியே இல்லை.

சேர்க்கை மேசையில், தேர்வெழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினரை முந்தினோம் என்று காட்டும் பெர்சன்டைலைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். அகமதாபாத், பெங்களூர் போன்ற நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் மாணவர் சேர்க்கையில் கணக்கில் கொள்கின்றன என்பதைப் பணம் கட்டும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நேர்முகத் தேர்வுப் பயிற்சி என்று வகுப்போடு சேர்த்து விற்றதும் பொதுவான அறிவுரையைத் தாண்டவில்லை.

தானாகவே படிக்கும் ஒழுங்கு உள்ளவர்களுக்கு மாதிரித் தேர்வுத் தொகுப்பும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் போதும். தொகுப்பு தனியாகவும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வகுப்பில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பவர்கள், டி.ஐ.எல்.ஆர். வகுப்பு ஒன்றிலாவது அமர்ந்து பார்த்த பிறகே பணம் கட்டுவதும், இடையில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வதும் நல்லது.