காட்பாடியில் இணைய ஆங்கில மாலை வகுப்பு: ஒரு மதிப்பீடு

காட்பாடி காந்தி நகரில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், இணையத்தையும் புதிய தொழில்நுட்பத்தையும் சார்ந்த ஆங்கிலச் சொற்களை மட்டுமே கற்பிக்கும் மாலை வகுப்பு ஒன்று நடந்துவருகிறது. பொதுவான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளுக்கு வேலூரில் பஞ்சமில்லை. சத்துவாச்சாரி முதல் தொரப்பாடி வரை அவற்றின் விளம்பரப் பலகைகளைக் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை காலங்களின் அட்டவணையில் தொடங்கி, நேர்காணலில் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஐந்து வாக்கியங்களோடு முடிந்துவிடுகின்றன. இந்த வகுப்போ கைப்பேசித் திரையிலும், வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியிலும், அலுவலக மின்னஞ்சலிலும் அன்றாடம் எதிர்ப்படுகிற சொற்களிலிருந்து தொடங்குகிறது. இரண்டு மாதங்கள் கொண்ட ஒரு பருவத்துக்கு, வாரத்தில் மூன்று மாலைகள் என்ற கணக்கில், 3,500 ரூபாய் வாங்குகிறார்கள். ஒரு பருவம் முழுவதும் இருந்து கேட்டவன் என்ற முறையில், இதில் எது பணத்துக்குத் தகுந்தது, எது தகாதது என்று எழுதுகிறேன்.

யாருக்காக இப்படி ஒரு வகுப்பு என்று கேட்பவர்கள் வேலூர் காந்தி ரோட்டுக்கு ஒரு முறை போய்வந்தால் போதும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிற நோயாளிகளை நம்பியே அங்குள்ள விடுதிகள் இயங்குகின்றன. அங்கு வேலை பார்ப்பவர்கள் இந்தியும் வங்காளமும் காதால் கேட்டே கற்றுக்கொண்டவர்கள். ஆனால் இணையவழி முன்பதிவு, பணம் திரும்பச் செலுத்துதல், அடையாள ஆவணத்தைப் பதிவேற்றுதல் என்று வரும்போது எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் விடுதி மேலாளர் ஒருவர், ராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதி நிறுவனங்களில் கணக்கு எழுதுவோர் இருவர், கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் ஆகியோர் இருந்தார்கள். மீதிப்பேர் குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து, கல்லூரி முதலாண்டில் கணினி அறிவியல் எடுத்திருக்கும் மாணவர்கள்.

வகுப்பின் உயிர் அதன் முதல் இரண்டு வாரங்களில் இருக்கிறது. ஆங்கிலச் சொல் எதுவானாலும் அதைப் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டு, பின்னால் ‘பண்ணு’ அல்லது ‘ஆகு’ என்று சேர்த்து நாம் வினையாக்கிவிடுகிறோம். டவுன்லோட் பண்ணினேன், அப்டேட் ஆகுது, லாகின் ஆகல, போன் ஹேங் ஆயிடுச்சு என்றெல்லாம் பேசுகிற ஒருவருக்கு இத்துறையின் ஆங்கிலச் சொற்கள் சில நூறாவது ஏற்கெனவே தெரியும். வாக்கியம் முழுவதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் அவர் தடுமாறுகிறார். ‘பண்ணு’வையும் சேர்த்து மொழிபெயர்த்து ‘ஐ டிட் டவுன்லோட்’ என்கிறார், ‘ஆகல’ என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘சைட் இஸ் நாட் லாகின்’ என்கிறார். சொல்வளம் இல்லாததால் வருகிற பிழை என்று மற்ற வகுப்புகள் இதற்கும் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும். இங்கே பாடம் நடத்தும் ஆசிரியை, சென்னையில் வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். கோளாறு எங்கே என்பதை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார். பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ‘பண்ணு’, மறுபக்கம் ‘ஆகு’ என்று எழுதி, நாம் வாயால் சொல்கிற தமிழ் வாக்கியங்களையே அதில் நிரப்பச் சொல்கிறார். “அண்ணா, நீங்க ஃபைலை ஏத்துனீங்களா, ஃபைல் தானா ஏறுதா? அதை மட்டும் முதல்ல சொல்லுங்க” என்று விடுதி மேலாளரிடம் அவர் கேட்டபோது, ‘ஐ அப்லோடட் த ஃபைல்’ என்பதற்கும் ‘த ஃபைல் இஸ் அப்லோடிங்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. செயலி தானாக நின்றுபோனால் ‘த ஆப் கிராஷ்ட்’ என்றால் போதும், அதில் ‘டிட்’ எங்கும் வராது என்பதை அதன் பிறகு யாரும் மறக்கவில்லை.

இதற்கு அடுத்த படி, வினையோடு ஒட்டிவருகிற சிறு சொற்கள். லாக் இன், சைன் அப், செட் அப், பேக் அப், ஆப்ட் அவுட் ஆகியவற்றைச் சேர்த்தே பழக்குகிறார். கனெக்ட் என்றால் ‘டு’, கிளிக் என்றால் ‘ஆன்’, சப்ஸ்கிரைப் என்றால் ‘டு’ என்று துணையில்லாமல் எந்த வினையையும் எழுதவிடுவதில்லை. ‘அப்டேட்’ என்பது பெயராக வரும்போது முதல் அசையிலும், வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறும் என்பதை எத்தனை பேர் சொல்லித்தருகிறார்கள்? தொலைபேசியில் வெளிநாட்டுக் கொள்முதல் அலுவலர்களோடு பேசுகிற ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இந்த ஒரு பாடமே கட்டணத்தின் கணிசமான பங்கை ஈடுகட்டிவிடும் என்பது என் கணிப்பு.

பணம் சார்ந்த சொற்களுக்கு ஒரு வாரம் முழுவதும் ஒதுக்கியிருப்பது பாராட்டத்தக்கது. யு.பி.ஐ. 2016-இல் அறிமுகமான பிறகு பூக்கடை முதல் பெட்டிக்கடை வரை எல்லோரும் பயன்படுத்துகிறோம். ஆனால் திரையில் வருகிற ‘பென்டிங்’, ‘ஃபெயில்டு’, ‘டிக்லைன்டு’, ‘ரிவர்ஸ்டு’ என்ற நான்கையும் ‘பணம் போகல’ என்ற ஒரே பொருளில்தான் பலரும் எடுத்துக்கொள்கிறோம். முதலாவது இன்னும் முடிவாகாத நிலை. இரண்டாவது பரிமாற்றம் நிறைவேறாத நிலை. மூன்றாவது வங்கியோ மறுமுனையில் இருப்பவரோ மறுத்துவிட்ட நிலை. நான்காவது எடுக்கப்பட்ட பணம் கணக்குக்கே திரும்பிவிட்ட நிலை. ‘ரீஃபண்ட் இனிஷியேட்டட்’ என்று வந்தால் திருப்பித் தரும் வேலை தொடங்கியிருக்கிறது என்றுதான் பொருள், ‘கிரெடிட்டட்’ என்று வரும்வரை பணம் கைக்கு வந்ததாகக் கொள்ளக் கூடாது என்பதை விடுதி மேலாளர் தம் குறிப்பேட்டில் கட்டம் கட்டி எழுதிக்கொண்டார். அவருடைய வாடிக்கையாளர்களோடு நடக்கிற வாக்குவாதங்களில் பாதி இதைப் பற்றியதுதானாம். யு.பி.ஐ. பின் எண்ணை இடுவது பணம் அனுப்புவதற்கே, பெறுவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை என்பதையும், ‘அப்ரூவ்’ என்ற பொத்தான் எதை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது என்பதையும் இதே வாரத்தில் நடத்துகிறார்கள். ‘ஃப்ரீ டிரையல்’ (இலவசச் சோதனைக் காலம்), ‘ஆட்டோ ரின்யூவல்’ (தானாகப் புதுப்பித்தல்), ‘மேன்டேட்’ (கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நாம் தரும் ஒப்புதல்) ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதன் பொருளையும், ஏமாற்றப்பட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் சேர்த்துச் சொன்னார்கள். மொழி வகுப்பில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு மாணவர் முணுமுணுத்தார். சொல்லின் பொருள் தெரியாமல் பொத்தானை அழுத்துவதைவிடப் பெரிய மொழிச் சிக்கல் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இணைய வேகம் பற்றிய பாடமும் சுருக்கமாக, நன்றாக இருந்தது. விளம்பரத்தில் 100 எம்.பி.பி.எஸ். என்று இருப்பது மெகாபிட் கணக்கு, கோப்பின் அளவு காட்டப்படுவது மெகாபைட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆகவே அந்த இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்.

தமிழ்வழி மாணவர்களை இந்த வகுப்பு நடத்துகிற விதம் தனியாகக் குறிப்பிடத் தக்கது. மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூலைத் தமிழில் படித்தவர்களுக்கு மாறி, செயற்குறி, மடக்கு, அணி, செயற்கூறு என்ற சொற்களும் அவற்றின் கருத்தும் தெளிவாகத் தெரியும். கல்லூரியில் விரிவுரையாளர் வேரியபிள், ஆபரேட்டர், லூப், அரே, ஃபங்ஷன் என்று அடுக்கும்போது, தமக்குப் பாடமே தெரியாது என்று அவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். இங்கே முதலில் கருத்தைத் தமிழில் சொல்லவைத்து, பிறகு ஆங்கிலப் பெயரைப் பக்கத்தில் எழுதவைத்து, அதன் பின் அந்தப் பெயர் எந்த வினையோடு வரும் என்று பழக்குகிறார்கள்: மாறியை ‘டிக்ளேர்’ செய்வார்கள், செயற்கூற்றைக் ‘கால்’ செய்வார்கள், மடக்கு ‘ரன்’ ஆகும். அரசின் சொற்குவை தளத்தில் கலைச்சொற்களைத் தேடவும் கற்றுத்தருகிறார்கள். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பெண், முதல் வாரம் வாயே திறக்காதவர், பருவத்தின் நடுவில் தன் ஆய்வகப் பயிற்சியை ஆங்கிலத்தில் நின்று விளக்கினார். உச்சரிப்பில் குறைகள் இருந்தன, கருத்தில் ஒன்றுகூட இல்லை.

உச்சரிப்புக்கு இவர்கள் போதிய நேரம் தருவதில்லை. ‘கேஷ்’ என்ற ஒரே ஒலி ரொக்கத்துக்கும் கணினியின் தற்காலிகச் சேமிப்புக்கும் உரியது என்று ஒரு நாள் சொன்னதோடு சரி. அகராதித் தளங்களில் ஒலியைக் கேட்டுப் பழகுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள்.

குறை என்று உறுதியாகச் சொல்ல வேண்டியது கடைசி மூன்று வாரங்களைத்தான். ‘புத்தாக்கம்’ என்ற தலைப்பில் அச்சிட்ட தாள்கள் தருகிறார்கள். ஆசிரியையும் மாறி, வேறொருவர் வருகிறார். செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின், கிளவுட் கம்ப்யூட்டிங், டிஸ்ரப்ஷன், ஸ்கேலபிலிட்டி என்று பெரிய சொற்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம். முதல் வாரங்களில் கைவிட்ட பட்டியல் முறை அப்படியே திரும்பிவிடுகிறது. கண்டுபிடிப்புக்கும் புத்தாக்கத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டதற்கு, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற பதில் கிடைத்தது. புதிதாக ஒன்றை உருவாக்குவது ‘இன்வென்ஷன்’, அது நடைமுறைக்கு வந்து மக்கள் பயன்படுத்தும் நிலையை அடைவது ‘இன்னோவேஷன்’ என்று இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம்.

அத்தாள்களில் தகவல் பிழைகளும் உள்ளன. வைஃபை என்பது ‘வயர்லெஸ் ஃபிடிலிட்டி’ என்பதன் சுருக்கம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது இன்டர்பிராண்ட் என்ற நிறுவனம் 1999-இல் உருவாக்கித் தந்த வணிகப்பெயர். விரிவாக்கம் பின்னால் விளம்பர வாசகமாக ஒட்டப்பட்டது. கணினிக் கோளாறைக் குறிக்கும் ‘பக்’ என்ற சொல் 1947-இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியில் சிக்கிய விட்டில்பூச்சியிலிருந்து பிறந்தது என்றும் இருக்கிறது. பூச்சி சிக்கியது உண்மை. அதை ஒட்டிவைத்த குறிப்பேடு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால் 1878-லேயே எடிசன் தம் கடிதத்தில் இயந்திரக் கோளாறுகளை அச்சொல்லால் குறித்திருக்கிறார். பொறியாளர்களிடையே ஏற்கெனவே வழங்கிய சொல் என்பதால்தான் நிஜப் பூச்சி கிடைத்தது அவர்களுக்கு வேடிக்கையாயிற்று. சொல்லின் பிறப்பைச் சொன்னால் அது நினைவில் தங்கும் என்ற நோக்கம் சரியே, ஆனால் தவறான பிறப்பும் அதே உறுதியோடு தங்கிவிடுமே.

இந்த வாரங்களை எப்படி நடத்தியிருக்கலாம் என்பதற்கு லாங்கு பஜாரில் ஏதாவது ஒரு காய்கறிக் கடையின் முன்னால் போய் நின்றாலே விடை கிடைக்கும். தராசுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீடு, ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994-இல் வாகன உதிரிபாகங்களைக் கணக்கில் வைத்துக்கொள்ள உருவாக்கியது. காப்புரிமை தம்மிடம் இருந்தும் அதை வலியுறுத்தாமல், தரநிலைக்கு உட்பட்டு எவரும் பயன்படுத்தலாம் என்று அந்நிறுவனம் விட்டுவிட்டதால் அது உலகெங்கும் பரவியது. பேட்டன்ட், லைசென்ஸ், ஓப்பன் ஸ்டாண்டர்டு, அடாப்ஷன் ஆகிய நான்கு சொற்களையும் இந்த ஒரு வரலாற்றைக் கொண்டே கற்பித்துவிடலாம். எந்த வங்கியின் செயலியைக் கொண்டும் எந்த வங்கிக் கணக்குக்கும் அதே குறியீட்டின் வழியாகப் பணம் செலுத்த முடிகிறதே, அதிலிருந்து ‘இன்டர்ஆப்பரபிலிட்டி’ என்ற நாக்கு சுளுக்கும் சொல்லையும் சொல்லித்தரலாம். முதல் ஆசிரியையிடம் இந்த வாரங்களையும் ஒப்படைத்திருந்தால் அவரே இப்படித்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆகவே, ஸ்மார்ட்போனை ஓரளவு தாராளமாகப் பயன்படுத்துகிறவர்களும், வேலையிடத்தில் ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டியிருந்து தயங்குகிறவர்களும், தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போயிருக்கும் கணினி மாணவர்களும் தயங்காமல் சேரலாம். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுவோருக்கு இது ஏற்றதன்று. முதல் வாரமே வேகம் அதிகம். தொழில் முனைவோராக விரும்பி, புத்தாக்கப் பகுதியை மட்டும் நம்பி வருவோர் அந்தப் பணத்தை வேறெதிலாவது போடலாம். முதல் ஐந்து வாரங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டா என்று நான் கேட்டதற்கு, இப்போதைக்கு இல்லை, அடுத்த பருவத்தில் யோசிக்கிறோம் என்றார்கள். சேர நினைப்பவர்களும் இதைக் கேட்டு வைப்பது நல்லது. நான்கு பேர் கேட்டால் செய்துவிடுவார்கள் போலத்தான் தெரிகிறது.

அறை காற்றோட்டமானது, ஆனால் கணினிகள் மூன்றே உள்ளன. பயிற்சி நேரத்தில் மற்றவர்கள் கைப்பேசியில்தான் தட்டச்ச வேண்டும். மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும் வகுப்பு எட்டரைக்கு முன் முடிவதில்லை. குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் ஞாயிறு காலை நடக்கும் இணை வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்; அதை நடத்துபவரும் அந்த முதல் ஆசிரியைதான், கூட்டமும் குறைவு.