மலைப் பந்தயத்துக்கு ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிப் பழகும் தோட்டத்துப் பிள்ளைகள், 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிளோட்டம் போன்ற பல நாள் பந்தயங்களை மனத்தில் வைத்து என்னிடம் இதைக் கேட்கிறார்கள்.

மழை இறக்கம்: ரிம் பிரேக்கின் ரப்பர் கட்டை, சக்கர விளிம்பில் படிந்த நீரைத் துடைத்த பிறகே இறுக்கிப் பிடிக்கிறது, மாலை மழையில் அந்த மலைவழியிலுள்ள ரிங்லட் ஊருக்குக் கீழே வரும் வளைவுகளில் அந்த நொடித் தாமதமே ஆபத்தாகிறது. டிஸ்க் பிரேக்கின் தகடு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் தாமதம் மிகக் குறைவு. ஏற்றத்தைவிட இறக்கத்தையே அஞ்ச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வெப்பம்: நெடிய இறக்கத்தில் ரிம் பிரேக்கை விடாமல் அழுத்தினால் கார்பன் விளிம்பு சூடேறிப் பழுதாகலாம். டிஸ்க்கில் தகடு சூடேறும். ஆகவே அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்க வேண்டும்.

எடை: ரிம் இலகு.

பராமரிப்பு: ரிம்மின் கம்பியை வீட்டிலேயே மாற்றலாம். டிஸ்க்கின் எண்ணெய்க் குழாயிலிருந்து காற்றை அகற்றத் தனிக் கருவி வேண்டும்.

சாலைப் பந்தயங்களில் டிஸ்க் 2018இல் முழுமையாக அனுமதிக்கப்பட்டது. பந்தயக் கனவுள்ளவர் அதையே வாங்கட்டும். கையில் பணம் குறைவாக இருந்து, வெயில் காலையில் மட்டும் ஏறுபவருக்கு அலுமினிய விளிம்புடன் ரிம் பிரேக் போதும்.