பிரெஞ்சு: பிளஸ் டூ தாளா, டெல்ஃப் தேர்வா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் சென்னை வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: "பிரெஞ்சு எடுத்துடு, மார்க்கை அள்ளலாம்." மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவது வரை தமிழ் படித்தாக வேண்டும் என்பதால், பல பிள்ளைகள் பிரெஞ்சு எழுத்தையே பிளஸ் ஒன்னில்தான் முதலில் பார்க்கிறார்கள். மார்க் வருவது உண்மைதான். ஆனால் பொறியியல் கட் ஆஃபில் மொழிப்பாட மார்க் சேராது. கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான் கணக்கு.

பிளஸ் டூவில் எழுத்துத் தாளுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. பிரெஞ்சு அரசின் சான்றிதழான டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 எடுத்தால் பாஸ். ஆனால் ஏதாவது ஒன்றில் 5-க்குக் கீழே போனாலும் ஃபெயில்தான். எழுத்தில் அள்ளிக்கொண்டு வந்து காதில் விட்டதை ஈடுகட்ட முடியாது.

பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய ஒரு பெண் என்னிடம் டெல்ஃப் பயிற்சிக்கு வந்தாள். 'பேசு' என்பதற்கான வினைச்சொல்லை 'நான்', 'நீ', 'அவர்கள்' என்று எல்லாவற்றுக்கும் பிழையில்லாமல் எழுதினாள். வாசிக்கச் சொன்னேன். 'அவர்கள்' வரும் இடத்தில் "பார்லென்ட்" என்றாள். எழுத்தில் மூன்றும் வேறுவேறு. உச்சரிப்பில் மூன்றும் "பார்ல்" தான். கடைசி எழுத்துகள் கண்ணுக்கு மட்டுமே. எழுத்துத் தாள் அவற்றுக்கு மார்க் தருகிறது, காதோ அவற்றைக் கேட்பதே இல்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒலிப்பதிவு போடாமலேயே ஒரு வருடப் பாடத்தை முடிக்கும் வகுப்புகளை நானே பார்த்திருக்கிறேன்.

எண்களில் இன்னும் வேடிக்கை. 97 என்பதை பிரெஞ்சில் 'நான்கு இருபது பதினேழு' என்பார்கள். தாளில் எழுத யோசிக்க நேரம் உண்டு. டெல்ஃப் கேட்டலில் தொலைபேசி எண் காதில் ஓடி முடிந்துவிடும், பேனா முதல் 'நான்கி'லேயே நிற்கும்.

நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. 'மரம்', 'அவன்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி மெய்யை விழுங்கி மூக்கால் முடிக்கிறோமே, அதற்கு மிக நெருக்கமானதுதான் பிரெஞ்சின் மூக்கொலி உயிர். இதைச் சொல்லிக்கொடுத்தால் பாதி உச்சரிப்புப் பயம் போய்விடும். சொல்லித்தருபவர்தான் குறைவு.

அப்புறம் ஐஜிசிஎஸ்இ என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகள். கேம்பிரிட்ஜின் அயல்மொழிப் பிரெஞ்சில் நான்கு திறனும் சமமாகத்தான் எடை போடப்படுகின்றன. அவர்களுக்கு டெல்ஃப் புதிதாகத் தோன்றாது. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளியான லிசே பிள்ளைகள் தனிக் கணக்கு. அங்கே கணக்குப் பாடமே பிரெஞ்சில்.

சரி, எதை எடுப்பது? பிளஸ் டூ மொத்த மார்க் உயர வேண்டும், மொழி தங்காவிட்டாலும் பரவாயில்லை என்றால் பள்ளித் தாளே போதும், தனிச் செலவும் இல்லை. டெல்ஃபுக்குக் கட்டணம் ஆயிரங்களில் போகும். ஆனால் அந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாது. பிரான்ஸில் படிக்கப் போகும்போது டெல்ஃபின் பி2 நிலைச் சான்றிதழ் கையில் இருந்தால் பல்கலைக்கழகங்கள் வேறு மொழித் தேர்வு கேட்பதில்லை. கனடா குடியேற்றத்துக்கும் இதுவே போதும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அங்கே டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற வேறு பிரெஞ்சுத் தேர்வு வேண்டும், மதிப்பெண்ணும் இரண்டு வருடம்தான் செல்லும்.

இரண்டையும் எழுதப் போகிற பிள்ளைக்கு நான் டெல்ஃபிலிருந்து தொடங்குவேன். காது பழகியவனுக்கு அந்த ஊமை எழுத்துகளை எழுதிக் கற்க சில மாதம் போதும். எழுத்தில் ஊறியவனின் "பார்லென்ட்"டைத் திருத்த எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.