கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன்: கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது?

'வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திட்டோம், நாட்டுச்சர்க்கரைதான்' என்று சொல்லிக்கொண்டே டம்ளருக்கு மூன்று ஸ்பூன் போடுகிற வீடுகள் இன்று ஏராளம். சர்க்கரைக்கு மாற்று என்று அலமாரி நிறைய விற்கும் இந்தப் பொருள்களை ருசிக்கும் தரத்துக்கும் தனியாக, உடம்புக்குத் தனியாக மதிப்பிட வேண்டும். இரண்டையும் குழப்பித்தான் வியாபாரமே நடக்கிறது.

முதலில் நாட்டுச்சர்க்கரை. அசல் தூள் மங்கிய பழுப்பு நிறத்தில், லேசான ஈரத்தோடு இருக்கும். கையில் அள்ளி இறுக்கினால் கொழுக்கட்டை மாதிரி பிடிபடும். பளபளவென்று மணல் போல உதிர்ந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து ஒரு ஸ்பூன் போட்டு, கலக்காமல் விடுங்கள். நிறம் மட்டும் முதலில் கழன்று இறங்கி, அடியில் வெள்ளை மணிகள் தங்கினால், அது கழிவுப்பாகு பூசிய வெள்ளைச் சர்க்கரை. ஏமாற்றம் பணத்துக்குத்தான், ரத்தத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

கட்டி வெல்லத்தில் எலுமிச்சை மஞ்சளில் மினுங்குவதைத் தவிர்க்கலாம். அந்த நிறம் பெரும்பாலும் 'ஹைட்ராஸ்' என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததால் வருவது. கறுத்த வெல்லமே மேல்.

கருப்பட்டிதான் இந்த வரிசையில் ருசிக்கு முதலிடம். புகை வாசம், நாக்கின் ஓரத்தில் மெல்லிய உப்பு, உடைத்தால் உள்ளே மங்கலான முகம்: இவை நல்ல அடையாளங்கள். உடைத்த இடத்தில் சீனிக் கற்கள் மின்னினால் கலப்படம். விலையும் ஒரு சோதனைதான். பதநீரில் இனிப்பு 10 முதல் 12 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் காய்ச்சியாக வேண்டும். பனை ஏறும் கூலி, விறகு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், கிலோ 120 ரூபாய்க்கு 'அசல்' தருகிறவர் யாரை ஏமாற்றுகிறார் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

கருப்பட்டி காபியில் பால் திரிகிறது என்பது அடிக்கடி வரும் புகார். கருப்பட்டியின் புளிப்பும் தாது உப்புகளும் கொதிக்கும் பாலோடு சேரும்போது புரதம் உறைகிறது. 15 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 30 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விடுங்கள். வடிகட்டினால் மண்ணும் சுண்ணாம்பும் அடியில் நிற்கும். சற்று ஆறியதும் டம்ளரில் ஊற்றி, அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் விட்ட பாலையும் டிகாஷனையும் சேர்த்தால் திரியாது.

இனி உடம்பு. வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். குடலில் அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிரிகிறது. குளுக்கோஸ் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் ஈரல்தான் கையாளுகிறது. அளவு மீறினால் கொழுப்பாக மாற்றுகிறது. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறுவதும் ஈரலில் கொழுப்பு படிவதும் இந்த வழியில்தான். பல்லில் ஒட்டும் வெல்ல மிட்டாய்க்கு 'இயற்கை' என்று பல்சொத்தைக் கிருமி சலுகை தராது.

'இரும்புச்சத்து இருக்கே' என்பார்கள். 100 கிராம் வெல்லத்தில் சில மில்லிகிராம் இருக்கும். இரண்டு ஸ்பூனில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். அந்த வேலைக்கு முருங்கைக்கீரையும் பயறும் இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல்படி, சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு சர்க்கரையும் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. 2000 கலோரிச் சாப்பாட்டுக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று வருகிறது. மேலே சொன்ன காபி இரண்டு டம்ளர் குடித்தாலே 30 கிராம் ஆகிவிடும். வாரம் 3 கிராம் வீதம் குறைத்து ஒரு டம்ளருக்கு 6 கிராமில் நிறுத்தலாம், நாக்கு பழகிவிடும்.

தேன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் கலந்த பாகு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு. இனிப்பு மாத்திரை, ஸ்டீவியா பொட்டலம் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் படியுங்கள். சிலவற்றில் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ நிரப்பியாக இருக்கும். எடை குறைக்க இந்த மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது; ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. 'வெள்ளைச் சர்க்கரை இல்லை' என்று முகப்பில் போட்ட பிஸ்கட்டில் 'மொத்தச் சர்க்கரை' என்ற வரியை மட்டும் பாருங்கள்.

வாங்கலாமா? பணியாரத்துக்கும் சுக்குக் காபிக்கும் கருப்பட்டி, பொங்கலுக்குக் கறுத்த வெல்லம் என்றால் தாராளமாக. மழைக்காலத்தில் கசியும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பூஞ்சை பிடித்ததைச் சுரண்டிப் பயன்படுத்தாதீர்கள். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் மட்டும் வெள்ளைச் சர்க்கரையை முழுதாக ஒழித்துவிடாதீர்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கருப்பட்டி தட்டிக்கொண்டிருக்க முடியாது.