மதுரை வெயிலில் ரீஃப் டேங்க்: ஃபேனா, ஏ.சி.யா, சில்லரா?

ரீஃப் டேங்க் என்றால் கடல் மீனோடு பவளமும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. இரண்டடி மரைன் டேங்கில் இருந்து நாலடிக்கு மாறுகிறவர்கள் முதலில் விசாரிப்பது லைட்டைப் பற்றித்தான். அப்புறம் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவி), அப்புறம் வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்). மதுரையில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மே மாதம் மதியம் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரியில் நிற்கும்? நான் நாலடிக்கு மாறியபோது பட்ஜெட்டில் பெரும்பங்கை இதற்குத்தான் ஒதுக்கினேன். ஃபேன், ரூம் ஏ.சி., சில்லர் (தொட்டித் தண்ணீரையே குளிர்விக்கும் மெஷின்) மூன்றையும் எடைபோட்டு சில்லரை வாங்கினேன். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

மற்ற சாமான்களை நாலு வரியில் முடித்துவிடலாம். எது தேவை என்பது எந்தப் பவளம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதாவது புலி இருக்கும் அதே பட்டியல். மன்னார் வளைகுடாவில் இருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது, எடுத்தவரிடம் வாங்கவும் கூடாது. என் தொட்டியில் இருப்பவை மஷ்ரூம், ஜோவாந்தஸ் மாதிரி மென்மையான வகைகள். இவற்றுக்கு நடுத்தர எல்.ஈ.டி. லைட்டே போதும், கடினப் பவளத்துக்குக் கால்சியம் ஊட்டும் கால்சியம் ரியாக்டர் தேவையே இல்லை. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அவற்றில் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஸ்கிம்மர் மட்டும் தொட்டி அளவுக்கு ஒரு சைஸ் கூடுதலாக வாங்குங்கள். பம்ப் டி.சி. வகையாக இருக்கட்டும். கரண்ட் மிச்சம் என்பதைவிட, தண்ணீருக்குள் இறங்கும் சூடு குறையும் என்பதுதான் அதில் முக்கியம்.

அந்தச் சூட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலடிக்கு இரண்டடிக்கு இரண்டடி தொட்டியில் ஏறக்குறைய 400 லிட்டர் நிற்கும். பம்ப்பும் வேவ்மேக்கரும் லைட்டும் சேர்ந்து 100 வாட் சூட்டைத் தண்ணீருக்குள் இறக்கினால், அது வெளியேற வழியே இல்லாவிட்டால், ஒரே நாளில் ஐந்து டிகிரிக்கு மேல் ஏறும். நல்லவேளையாக வெளியேற வழி இருக்கிறது. ஆனால் அது அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஹால் சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும். பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி சுகமானது, 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வெளுக்க ஆரம்பிக்கும். மன்னார் வளைகுடாவிலேயே 2010-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன. கடலுக்கே அந்தக் கதி என்றால் 400 லிட்டர் எம்மாத்திரம். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனும் குறையும், மீனுக்கோ அப்போதுதான் கூடுதலாகத் தேவைப்படும்.

முதலில் ஃபேன். தொட்டி விளிம்பில் மாட்டி, தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்றடிக்கும் சின்ன விசிறி. மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கும் அதே வேலைதான். ஒரு லிட்டர் ஆவியாகும்போது கரண்ட் கணக்கில் ஏறக்குறைய 0.67 யூனிட் அளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு நாளில் ஆறு லிட்டர் போனால் நாலு யூனிட் சூடு வெளியேறுகிறது, விசிறிக்குச் செலவாவது பத்து இருபது வாட்தான். செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கார்த்திகை முதல் மாசி வரை எனக்கே இது போதும்.

சிக்கல் புழுக்கத்தில்தான் வருகிறது. காற்று காய்ந்திருக்கும் வரை ஆவியாதல் நன்றாக நடக்கும். சித்திரையில் ஒரு சாயங்காலம் இடி மின்னலோடு கோடை மழை கொட்டும், வாசலில் நிற்பவருக்கு ஜிலுஜிலுவென்று இருக்கும். சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய ஹாலுக்குள் சுவரும் கூரையும் பகல் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும், காற்றிலோ ஈரம் ஏறியிருக்கும். அன்று ராத்திரி விசிறி ஓடிக்கொண்டே இருக்க, தெர்மாமீட்டர் 29-ல் இருந்து 30, 30.5 என்று ஏறும். அந்த நேரத்தில் இன்னொரு விசிறி மாட்டினாலும் பெரிய பலன் இருக்காது.

இரண்டாவது தொல்லை, ஆவியான தண்ணீரை ஈடுகட்டுவது. தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு அப்படியே நிற்கும். ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் வீதம் மூன்று நாள் ஊற்றாமல் விட்டால் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கில் இருந்து 37-க்கு மேல் போய்விடும். குறைந்த தண்ணீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் வைக்கலாம். ஆனால் ஊற்றுவதற்கு டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யமான தண்ணீர் வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரின் கடினம் சொல்லத் தேவையில்லை. வீட்டு ஆர்.ஓ. மெஷினோ குடிக்கச் சுவையாக இருக்கட்டும் என்று கொஞ்சம் உப்பைக் கலந்தே தருகிறது. தனி ஆர்.ஓ. மெம்பிரேனும் அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துவிடும் டி.ஐ. ரெசினும் வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். கோடையில், தண்ணீர் லாரி வரும் தெருவில் இருந்துகொண்டு தினமும் இப்படி வடிய விட எனக்கு மனசு வரவில்லை.

ரூம் ஏ.சி.யில் என் அனுபவம் குறைவு, ஒரு நண்பர் வீட்டில் பார்த்ததை வைத்தே சொல்கிறேன். அறையே குளிர்ந்துவிடுவதால் தொட்டியில் தனியாக எதுவும் மாட்ட வேண்டியதில்லை, குடும்பத்துக்கும் சுகம். ஆனால் 24 மணி நேரமும் ஓட வேண்டும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. என்றாலும் கோடையில் நாளுக்கு ஏழெட்டு யூனிட்டுக்குக் குறையாது என்று நினைக்கிறேன். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் போய்விடும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். படுக்கையறையில் எப்படியும் ஏ.சி. ஓடும், தொட்டியையும் அங்கேயே வைக்கிறோம் என்பவருக்கு மட்டும் இது பொருந்தும்.

சில்லருக்கு வருவோம். நான் வாங்கியது கால் எச்.பி. விலை ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வாங்கும் பணம். 27 டிகிரி வைத்தால் 28-ஐத் தொட்டதும் ஓடும், 27-க்கு வந்ததும் நிற்கும். மழையோ புழுக்கமோ அதற்குக் கணக்கில்லை. பிளக்கில் மாட்டிய மீட்டரில் கோடை நாளுக்கு மூன்று யூனிட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது, அதாவது ஒரு பில்லுக்கு 200 யூனிட் வரை கூடும். பாரம்தான், ஆனால் நாலைந்து மாதத்துக்குத்தான். 25-க்கு இறக்கி வைத்தால் செலவு சட்டென்று ஏறும், மென்பவளத்துக்கு அது அவசியமும் இல்லை.

பராமரிப்பில்தான் சில்லர் என் மனசைப் பிடித்தது. உள்ளே இருப்பது ஃபிரிட்ஜில் இருக்கும் அதே மாதிரி கம்ப்ரசர். கேஸ் இறங்கினாலோ, ரிலே போனாலோ, மதுரையில் எந்தப் பேட்டையிலும் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் அண்ணன் கிடைப்பார். உப்புத் தண்ணீர் ஓடும் சுருள் குழாய் (காயில்) மட்டும் டைட்டானியமாக இருக்க வேண்டும். “செம்புக் காயில் போட்டுப் பாதி விலையில் செய்து தர்றேன் தம்பி” என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். செம்பு கொஞ்சம் கரைந்தாலும் பவளமும் இறாலும் நத்தையும் பிழைக்காது.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியது கண்டன்ஸரை, அதாவது சூட்டை வெளியே விடும் தகட்டுப் பகுதியைத் துடைப்பது. முன்பக்க வலையைக் கழற்றினால் நம் ஊர்ப் புழுதி சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் கோடுகளின் திசையிலேயே மேலிருந்து கீழாக இழுத்தால் உதிர்ந்துவிடும், குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கும். மாதம் ஒருமுறை போதும், பக்கத்தில் வீட்டு வேலை நடந்தால் வாராவாரம். இன்னொன்று, சில்லரைத் தொட்டியின் ஸ்டாண்டுக்குள் வைக்காதீர்கள். தண்ணீரில் எடுத்த சூட்டை அது வெளியே ஊதும், அலமாரிக்குள் ஊதினால் அதையே திரும்ப இழுத்துத் திணறும். நான் சுவரில் ஓட்டை போட்டு, பைப்புக்குக் காப்புறை சுற்றி, நிழல் விழும் பின் வராண்டாவில் வைத்திருக்கிறேன். இரைச்சலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஒரு இடத்தில் மட்டும் ஃபேன் ஜெயிக்கிறது, மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. அன்றைக்கு இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் ஒன்று, 12 வோல்ட் விசிறி இரண்டு, அவ்வளவுதான். லைட்டை அணைத்தே வைப்பேன். அதனால் பழைய விசிறிகளை விற்காதீர்கள். சில்லருக்கு ஃபிரிட்ஜுக்கு வைப்பது மாதிரி டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசரும் வைத்துவிடுங்கள். கோடைச் சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கி ஏறும்போது அடிவாங்குவது கம்ப்ரசர்தான்.

இரண்டடி தொட்டி, மீன் மட்டும் என்றால் ஃபேனே போதும், சில்லர் வேண்டாம். நாலடியில் பவளம் வைக்கிறவர் தை, மாசிக்குள் சில்லரை வாங்கி, ஒரு வாரமாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கசிவோ கோளாறோ இருந்தால் பங்குனிக்கு முன்பே மாற்றிக்கொள்ளலாம்.